வீடு பார்க்குமுன் ஊர் பார்

ஜெர்மனியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உழைத்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரிடமிருந்து அண்மையில் எனக்கொரு கடிதம் வந்தது. நண்பர் வலிகாமம் வடக்கிற் பிறந்தவர். 1990ஆம் ஆண்டிலே அப்பகுதி மக்கள் ஊரோடு பெயர்ந்தபோது தாமும் பெயர்ந்து, பல நாடுகளைக் கடந்து சென்று, ஈற்றில் ஜெர்மனியிற் குடியுரிமை பெற்றவர். பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள். எஞ்சிய நாட்களை இத்தாலிய நாட்டுப்புறத்திற் கழிப்பதென்று அவரும் மனைவியாரும் முடிவு செய்திருக்கின்றனர். வெயில் இருக்கிறது, தோட்டஞ் செய்ய மண் இருக்கிறது, வேண்டும்போது பேரப்பிள்ளைகளையும் போய்ப் பார்த்து வரலாம். இவை அவர் கூறும் காரணங்கள். "மூன்று வீடுகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். எதனைத் தெரிவதென்று நீர்தான் சொல்லவேண்டும்" என்று எழுதி, மூன்று புகைப்படங்களையும் உடன் அனுப்பியிருந்தார்.

முதலாவது படம் தொஸ்கானா மாகாணத்தில் எடுக்கப்பட்டது. குன்றின் மீது தனித்து நிற்கும் கல்வீடு. அதற்குச் செல்லும் பாதையின் இருமருங்கும் சைப்பிரஸ் மரங்கள். இரண்டாவது, நாட்டின் தென்கிழக்குக் கோடியிலுள்ள பூலியாவில் ஒலிவத் தோட்டமொன்றின் நடுவே அமைந்த வெள்ளை வீடு. மூன்றாவது, மொலிசே மாகாணத்து மலையூர் ஒன்றில் ஒடுங்கிய ஒழுங்கையை நோக்கிய பழைய மாடிவீடு. அதன் விலை ஒரு பழைய மோட்டார் வண்டியின் விலைதான்.

மூன்றும் அழகானவை. ஆயினும் படங்களை மாறி மாறிப் பார்த்தபோது ஒன்று என் மனத்தை உறுத்தியது. மூன்று படங்களிலும் ஒரு மனிதர் தானும் இல்லை.

நண்பருக்கு எழுதிய மறுமொழியையே சிறிது விரித்து இங்கே தருகிறேன். அந்நிய நாட்டிற் குடியேற நினைப்போர் அனைவருக்கும் அது பயன்படக்கூடும்.

ஐந்து நிலங்கள்

நிலத்தை ஐந்தாக வகுத்து, நிலத்துக்கேற்ப மனிதர் ஒழுக்கத்தையும் வகுத்தவர்கள் நம் முன்னோர். இத்தாலியையும் அக்கண்கொண்டு நோக்கலாம். வடக்கே அல்ப்ஸ் மலைகளும், நாட்டின் முதுகெலும்பாக நீண்டு கிடக்கும் அப்பெனைன் மலைத்தொடரும் குறிஞ்சி. அப்ரூட்சோ, மொலிசே மாகாணங்களின் புற்சரிவுகள் முல்லை. அங்கிருந்த இடையர் முன்னாளில் இலையுதிர் காலத்தில் மந்தைகளைப் பூலியாச் சமவெளிக்கு ஓட்டிச்சென்று, வேனில் தொடங்க மீண்டும் மலைக்குக் கொணர்ந்தனர். அவர்கள் நடந்த அகன்ற புல்வழிகள் இன்றும் உள. போ நதிப் பள்ளத்தாக்கு மருதம். வெர்செல்லி, நோவாரா ஆகிய இடங்களில் நீர் நிறைந்த நெல்வயல்களைக் காணும் நம்மவர், தாம் ஐரோப்பாவில் நிற்பதை ஒரு கணம் மறந்துவிடுவர். மூன்று புறமுங் கடல் சூழ்ந்த நாட்டில் நெய்தலுக்குக் குறைவில்லை.

ஐந்தாவது பாலை. பாலை தனியொரு நிலமன்று. குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு கெட்டவிடத்து அது தோன்றும் என்பது பழைய நூலோர் கொள்கை. அதற்குரிய ஒழுக்கம் பிரிவு. இத்தாலிய மலையூர்கள் பலவற்றின் நிலை இதுவே. மண் கெடவில்லை, மழை பொய்க்கவில்லை, மனிதர் பிரிந்து போனார்கள். மலிவாக விற்கப்படும் வீடுகளெல்லாம் பெரும்பாலும் இப்பாலை நிலத்திலேயே இருக்கின்றன. ஆகவே, வீடு வாங்குவோன் கேட்கவேண்டிய முதற் கேள்வி "என்ன விலை?" என்பதன்று. "இங்கிருந்தவர்கள் ஏன் போனார்கள்?" என்பதே.

பூட்டிய வீடுகளின் கதை

தொஸ்கானாக் குன்றின் மேல் நிற்கும் அக்கல்வீடு ஒரு பிரபுவின் மாளிகையன்று. வாரக்குடியானவன் ஒருவனின் வீடு. தொஸ்கானா, உம்பிரியா, மார்க்கே ஆகிய மத்திய மாகாணங்களில் 'மெட்சத்ரியா' என்ற அரைவார முறை பல நூற்றாண்டுகள் நிலவியது. காணியும் வீடும் நிலக்காரனுக்குரியவை. உழைப்பு குடியானவன் குடும்பத்துக்குரியது. விளைவில் இருவருக்கும் சரிபாதி. பயிரையும் மாட்டையும் இரவு பகலாகக் காக்கவேண்டியிருந்தமையால், ஒவ்வொரு காணியின் நடுவிலும் ஒவ்வொரு வீடு தனித்து எழுந்தது. கீழே தொழுவம், மேலே குடும்பம். மாட்டின் மூச்சுச்சூடு மேல் மாடிக்குங் குளிர்காய உதவியது. இன்று விடுமுறைக்கு வருவோர் விருந்துண்ணும் கூடம் அன்றைய மாட்டுத் தொழுவமே.

இரண்டாவது மகாயுத்தத்தின் பின் வாலிபர் தொழிற்சாலைகளை நாடிச் சென்றனர். 1964ஆம் ஆண்டில் புதிதாக அரைவார உடன்படிக்கை செய்தல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. அதற்கு முன்னரே ஆயிரக்கணக்கான வீடுகள் பூட்டப்பட்டுவிட்டன. பின்னர் வந்த வெளிநாட்டார் அவற்றை வாங்கித் திருத்தினர். கியாந்திக் குன்றுகளில் ஆங்கிலேயர் பெருகிய பெருக்கத்தைக் கண்டு, அப்பகுதிக்கு ஆங்கில மாவட்டமொன்றின் பெயர்போல 'கியாந்திஷயர்' என வேடிக்கைப் பெயரும் இட்டனர். அங்கு இப்பொழுது மலிவு என்ற பேச்சுக்கே இடமில்லை.

தெற்கின் வரலாறு வேறு. தாழ்ந்த நிலங்களில் மலேரியா ஆட்சி செய்தது. 'கெட்ட காற்று' எனப் பொருள்படும் அச்சொல்லே இத்தாலியர் உலகுக்கு அளித்ததுதான். நோய்க்கும் கடற்கொள்ளையருக்கும் அஞ்சிய மக்கள் குன்றுச்சிகளில் நெருங்கி வாழ்ந்து, விடியுமுன் கீழிறங்கி வயலுக்கு நடந்தனர். நிலமோ பெரும் பிரபுக்களிடம் இருந்தது. பாசிச அரசினால் 1935இல் லுக்கானியா என்னும் பசிலிக்காத்தாப் பகுதிக்கு நாடுகடத்தப்பட்ட ஓவியரும் வைத்தியருமான கார்லோ லேவி, அலியானோ என்ற மலையூரிலே தாம் கண்டவற்றை 1945இல் நூலாக வெளியிட்டார். 'கிறிஸ்து எபோலியிலே நின்றுவிட்டார்' என்பது அதன் தலைப்பு. எபோலிக்கு அப்பால் கிறிஸ்துவுங் கூட வரவில்லை என்பது அவ்வூரார் முறைப்பாடு. அக்குடிசைச் சுவர்களில் மாதாவின் படத்துக்கு அருகே அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் படமுந் தொங்கியதாக அவர் எழுதுகிறார். ஒன்று மறுமைக்கு, மற்றது இம்மைக்கு. இம்மையின் மோட்சம் நியூயோர்க்கிலே இருந்தது.

1876ஆம் ஆண்டுக்கும் 1915ஆம் ஆண்டுக்கும் இடையில் ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் பேர் இத்தாலியை விட்டுப் புறப்பட்டனர். இரண்டாவது யுத்தத்தின் பின்னரும் அப்பெருக்கு நிற்கவில்லை. 1956 ஆகஸ்டில் பெல்ஜியத்து மார்சினெல் நிலக்கரிச் சுரங்கம் தீப்பற்றி 262 பேர் மாண்டபோது, அவர்களுள் 136 பேர் இத்தாலியர். அதற்கு முந்திய வருடமாகிய 1955இல் மேற்கு ஜெர்மனி இத்தாலியுடன் செய்த ஒப்பந்தத்தின்படி இத்தாலியத் தொழிலாளர் ஜெர்மனியத் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர்.

நண்பருக்கு இதனை எழுதும்போது என் பேனா சற்றுத் தயங்கியது. மூன்றாவது படத்திலுள்ள மலையூரின் பிள்ளைகள், அவர் உழைத்த அதே நாட்டுக்கு, அவருக்கு முன்பே அதே வேலைக்குப் போனவர்களாக இருக்கலாம். அவரோடு ஒரே யந்திரத்தில் நின்ற யாரோ ஓர் இத்தாலியரின் தந்தை பிறந்த வீடாகக்கூட அது இருக்கலாம்.

குறிப்புப் பார்த்தல்

சம்பந்தம் பேசுமுன் குறிப்புப் பார்ப்பது நம்மவர் வழக்கம். இத்தாலியில் ஒவ்வோர் ஊருக்கும் இரண்டு குறிப்புக்கள் அரசாங்கத்தால் எழுதி வைக்கப்பட்டுள்ளன. ஒன்று நிலநடுக்கத்தைப் பற்றியது: 1 முதல் 4 வரையான இலக்கங்களுள் ஒன்று, 1 மிகக் கொடியது. மற்றது குளிரைப் பற்றியது: 'ஏ' முதல் 'எஃப்' வரையான எழுத்துக்களுள் ஒன்று, 'ஏ' மிக வெப்பமான இடம், 'எஃப்' மிகக் குளிர்ந்தது. 'ஈ' என்ற எழுத்துப் பெற்ற ஊரிலே ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரில் நடுப்பகுதிவரை வீட்டைச் சூடாக்க விதி அனுமதிக்கிறது. அஃதாவது அரையாண்டுக்கு விறகு வேண்டும். தடித்த கற்சுவர் கோடையில் தரும் குளிர்ச்சியைக் கண்டு மகிழ்வோர், அதே சுவர் மாரியில் உண்ணும் விறகையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நிலநடுக்கக் குறிப்பு விளையாட்டன்று. அப்பெனைன் முதுகெலும்பு அடிக்கடி சிலிர்ப்பது. 2009 ஏப்ரிலில் லாக்குயிலா நகரிலும் சுற்றூர்களிலும் 309 பேர் மாண்டனர். 2016 ஆகஸ்டில் அமத்ரீச்சேயும் அயலூர்களும் இடிந்து ஏறத்தாழ 300 உயிர்கள் போயின. குறிப்பும் சிலவேளை பொய்க்கும். மொலிசேயிலுள்ள சான் ஜூலியானோ தி பூலியா என்ற சிற்றூரில் 2002 ஒக்டோபர் 31ஆம் நாள் பாடசாலை இடிந்து 27 பிள்ளைகளும் ஓர் ஆசிரியையும் இறந்தபோது, அவ்வூர் அபாயப் பட்டியலிலேயே இருக்கவில்லை. அதன் பின்னரே, 2003இல் நாடு முழுவதும் மீள வகுக்கப்பட்டது. எனவே ஊரின் இலக்கத்தை மாத்திரம் பார்த்தாற் போதாது. வீட்டின் சுவர்களை இரும்புக் கட்டினாற் பிணைத்திருக்கின்றனரா, பழைய சுவர்மீது பாரமான கொங்கிறீற்றுக் கூரையை ஏற்றியிருக்கின்றனரா என்பதையும் அறிந்த ஒருவரைக் கொண்டு பார்த்தல் அவசியம். களிமண் குன்றாயின் நிலச்சரிவு வேறு உண்டு. பசிலிக்காத்தாவிலுள்ள கிராக்கோ என்ற ஊர் 1963இல் மண் சரிந்தமையாற் கைவிடப்பட்டு, இன்று வெறுங் கூடாக நிற்கின்றது.

அடுத்தது திசை. நாம் வெயிலுக்கு அஞ்சி நிழல் தேடி வீடு கட்டுபவர்கள். அங்கோ வெயில் தேடி வீடு கட்டுவர். குன்றின் தென்சரிவு சூரியனைப் பார்க்கும்; வடசரிவு மாரி முழுவதும் ஈரமாய்க் கிடக்கும். தொஸ்கானாக் கமக்காரரிடம் இவ்விரண்டுக்குந் தனித்தனிச் சொற்கள் உள: வெயிற் பக்கம் 'சொலாத்தீயோ', நிழற் பக்கம் 'பாசீயோ'. ஒரே ஊரில், ஒரே விலையில், பத்து யார் தூரத்தில் இரண்டு வேறு வாழ்வுகள் இருக்கின்றன. கோடையில் வீடு பார்க்க வருவோனுக்கு இவ்வேற்றுமை புலப்படாது. வாடையும் சோளகமும் கச்சானும் கொண்டலும் நமக்கு எவ்வாறோ, அவ்வாறே வடக்கிலிருந்து வரும் 'திரமொந்தானா'வும், சகாராவின் வெப்பத்தைச் சுமந்து தெற்கிலிருந்து வரும் 'சிரொக்கோ'வும் அவர்களுக்கு. கதவு எந்தக் காற்றைப் பார்க்கிறது என்று முதியவர் ஒருவரிடம் கேட்டால் உடனே சொல்வார்.

இனி நீர். பூலியாவைப் பற்றி வாசிக்குந்தோறும் யாழ்ப்பாணத்தவன் தன் ஊரையே கண்முன் காண்பான். சுண்ணக்கற் பாறை, மேலே செம்மண், ஆறுகள் அரிது, பெய்த மழை பாறைக்குள் இறங்கி மறையும். நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்தால் கடல் உவர் ஏறும். வயலிலே பொறுக்கிய கல்லைச் சாந்தின்றி அடுக்கி மதில் கட்டினர். கூரையில் விழும் மழையைத் தொட்டியிற் சேர்த்தனர். அந்நாட்டின் தாகத்தைத் தீர்க்க, மலைக்கு மறுபுறத்திலுள்ள செலே நதியின் ஊற்று நீரைக் குடைந்து கொணரும் பெருவேலை 1906இல் தொடங்கியது. 1915இல் நீர் பாரி நகரை அடைந்தது. ஆகவே பூலியாவில் வீடு வாங்குவோன் முதலிற் கேட்கவேண்டியது, அக்குழாய் வீட்டு வாசலுக்கு வருகிறதா, தொட்டியும் பவுசருந்தானா என்பதே.

ஒலிவ மரங்களைப் பற்றியும் ஒரு சொல். 2013ஆம் ஆண்டிலே பூலியாவின் தென்பகுதியான சலெந்தோவில் 'சைலெல்லா' என்ற நுண்ணுயிர் நோய் கண்டறியப்பட்டது. அதன் பின்னர் இலட்சக்கணக்கான மரங்கள், அவற்றுட் பல நூற்றாண்டுகள் கண்டவை, நின்ற நிலையிலேயே பட்டுப்போயின. படத்திற் பச்சையாகத் தெரியும் தோட்டம் எந்த ஆண்டிற் படமெடுக்கப்பட்டது என்று கேட்டுக்கொள்ளும்படி நண்பருக்கு எழுதினேன்.

எத்தனை நிமிடம்?

கோயிலில்லாத ஊரிற் குடியிருத்தல் தகாது என்றனர் நம் பெரியோர். இத்தாலிய மலையூர்களிற் கோயிலுக்குக் குறைவில்லை, குருவானவருக்கே குறைவு. ஒரே குரு நான்கைந்து ஊர்களுக்கு முறைவைத்துப் பூசை செய்யும் இடங்கள் உள. கோயிலை அடுத்து வேறு மூன்றையும் நாடவேண்டியிருக்கின்றது. உள்நாட்டு ஒதுக்குப்புறங்களைப் புனரமைக்கவென்று இத்தாலிய அரசு 2010களின் நடுப்பகுதியில் வகுத்த திட்டமொன்று ஊர்களை அளந்த முறை மிகவும் பொருத்தமானது. அவசர சிகிச்சையுள்ள வைத்தியசாலை, உயர்தர இடைநிலைப் பாடசாலைகள், ஒழுங்கான புகையிரத நிலையம் ஆகிய மூன்றும் உள்ள நகரத்துக்கு எத்தனை நிமிடப் பயணம் என்பதே அவ்வளவுகோல். 20 நிமிடத்துக்குட்பட்டது நகரச் சூழல். 40 வரை இடைநிலை. 40க்கு மேல் ஒதுக்குப்புறம். 75க்கு மேல் மிக ஒதுக்குப்புறம். நகரங்களுக்கு எட்ட இருக்கும் இவ்வுள்நாட்டூர்கள் நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு. அங்கு வாழ்வோரோ மக்களில் நான்கில் ஒரு பங்குக்குங் குறைவு.

அறுபதைக் கடந்த இருவருக்கு இந்நிமிடக் கணக்கு உயிர்க் கணக்கு. 1978இல் அமைந்த தேசிய சுகாதார சேவை இத்தாலியின் பெருமைகளுள் ஒன்றாயினும், மாரடைப்பு அச்சேவையின் பெருமையைக் கேட்டுக்கொண்டு காத்திருப்பதில்லை. மேலும், மலைப்பாதையில் மோட்டார் வண்டி செலுத்தும் வல்லமை எத்தனை வயதுவரை நிற்கும்? வண்டியின்றி ஒரு கிழமை சீவிக்கமுடியாத வீடு, முதுமையிற் சிறையாகிவிடும். நடந்து போகும் தூரத்தில் பாண்கடை, மருந்துக்கடை, தபாற்கந்தோர், கோப்பி குடிக்க ஒரு கடை ஆகிய நான்கும் உண்டா என்று பார்க்க வேண்டும். இந்நான்கில் முதலில் மூடப்படுவது எது, கடைசியில் மூடப்படுவது எது என்று ஊராரைக் கேட்டால், ஊரின் நாடித்துடிப்புப் புலனாகும்.

உறுதியும் உரித்தாளரும்

காணி விவகாரத்தில் இத்தாலியர் நமக்கு நெருங்கிய உறவினர் போலத் தோன்றுகின்றனர். அங்கும் உறுதி முடிப்பவர் நொத்தாரிசுதான். நமது தோம்பு போன்ற நிலப்பதிவேடு அங்குமுண்டு. பதிவேட்டிலுள்ள வரைபடமும் நிலத்தில் நிற்கும் வீடும் ஒன்றுக்கொன்று பொருந்தாமை அங்கும் சாதாரணம். அனுமதியின்றிக் கட்டிய ஓர் அறை, வாங்கியவன் தலையில் விடியும். ஆதலால் 'ஜெயோமெத்ரா' எனப்படும் நில அளவையாளரைச் சொந்தச் செலவில் அமர்த்தி எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே முற்பணம் கொடுத்தல் நன்று. ஏனெனில் உடன்படிக்கை எழுதி, பொருத்த உறுதிக்கெனக் காசு கொடுத்தபின் வாங்குபவன் பின்வாங்கினால் அக்காசு போகும். விற்பவன் பின்வாங்கினால் இருமடங்கு திருப்பித் தரவேண்டும்.

மலிவான மலைவீட்டில் வேறொரு சிக்கல் உண்டு: உரித்தாளர். பாட்டன் பெயரிலிருக்கும் வீட்டுக்குப் பேரப்பிள்ளைகள் பதினால்வர். அவர்களுள் ஒருவர் புவனெஸ் அயர்ஸில், மற்றவர் தொறொன்ரோவில், இன்னொருவர் இருக்குமிடமே தெரியாது. எல்லோரும் ஒப்பமிட்டாலன்றி உறுதி முடியாது. பங்குக் காணி வழக்குகளிற் பழகிய நமக்கு இது புதிதன்று.

வயற்காணியாயின் இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். காணியைத் தானே பயிரிடும் அயற்காணிக் கமக்காரனுக்கு, அடுத்த காணி விலைக்கு வரும்போது முதலில் வாங்கும் உரிமையை 1965ஆம், 1971ஆம் ஆண்டுச் சட்டங்கள் அளித்திருக்கின்றன. அவனுக்கு அறிவித்து 30 நாள் பொறுத்தல் வேண்டும். அறிவியாது வாங்கினால், பதிவாகி ஓராண்டுக்குள் அவன் வந்து, உறுதியிற் குறித்த விலையைக் கொடுத்துக் காணியை மீட்டுக்கொள்ளலாம். நமது தேசவழமையும் பங்காளருக்கு இத்தகைய முதலுரிமையை அளிப்பதை இங்கு நினைவுகூரலாம். இரண்டு சட்டங்களும் கூறுவது ஒன்றே: காணி சந்தைப்பொருள் மாத்திரமன்று, அது அயலவர் வாழ்வோடு பிணைந்தது.

ஒரு யூரோவுக்கு வீடு என்ற செய்தியைப் பலர் வாசித்திருப்பீர்கள். சிசிலியின் சாலேமி என்ற ஊர் 2008இல் இத்தகைய அறிவிப்பைச் செய்தது. பின்னர் பல ஊர்கள் அவ்வழி சென்றன. ஒரு யூரோ என்பது பெயருக்குத்தான். குறித்த காலத்துள் வீட்டைத் திருத்தி முடிக்க ஒப்புக்கொண்டு, அதற்குப் பிணைப்பணமுங் கட்டவேண்டும்; திருத்தும் செலவோ பல்லாயிரம். இதுவன்றி, வெளிநாட்டு ஓய்வூதியம் பெறுவோர் தென்மாகாணச் சிற்றூர்களிற் குடியேறினால் 7 சதவீத வரியே விதிக்கும் சலுகையும் 2019 முதல் உண்டு. ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமையில்லாதோர் நிலை வேறு. உழைக்காமலே சீவிக்கப் போதிய நிலையான வருமானம் உண்டெனக் காட்டி, தொழில் செய்ய இடமளியாத விசாவொன்றைப் பெறுதலே ஓய்வாக வாழச் செல்வோருக்கு வழி. இச்சலுகைகளெல்லாம் துணைக்காரணங்களாகலாம். வரி குறைவென்று பெண் கொள்வாருண்டோ?

புதிதாக வந்தோர்

பாலையாகிய ஊர்களிற் புதுக்குடிகள் தளிர்த்த இடங்களும் உள. போ நதிச் சமவெளியிலே பாற்கட்டித் தொழிலுக்குப் பெயர்பெற்ற மாட்டுப் பண்ணைகளில், இத்தாலிய வாலிபர் விரும்பாத விடியற்காலைப் பால்கறவையைப் பஞ்சாபியச் சீக்கியர் ஏற்றனர். 2000ஆம் ஆண்டில் நொவெல்லாரா என்ற சிறு பட்டினத்தில் அவர்களது குருத்துவாரா திறக்கப்பட்டது. கலாபிரியாவின் ரியாச்சே ஊரில் 1998இல் குர்தியர் படகொன்று கரையொதுங்கியபோது, ஊரார் பூட்டிய வீடுகளைத் திறந்து அவர்களை இருத்தினர். பின்னாளில் அம்முயற்சி வழக்குகளிலும் அரசியலிலும் சிக்குண்டதாயினும், சாவியைத் தேடி எடுத்த கைகளின் பெருமை குன்றாது.

நம்மவர் பெரும்பாலும் நகரத்தையே நாடினர். சிசிலியின் தலைநகராகிய பலேர்மோவில் ஈழத்தமிழர் சமூகமொன்று வேரூன்றியிருக்கின்றது. அந்நகரின் காவற்புனிதையாகிய ரொசாலியாவின் மலைக்குகைத் தலத்துக்கு, கத்தோலிக்கர் மாத்திரமன்றிச் சைவத் தமிழரும் மலையேறிச் சென்று வழிபடுகின்றனர். தம் தெய்வங்களை விட்டுவிட்டார்களென்று இதனைக் கொள்ளலாகாது. வந்த ஊரின் தெய்வத்துக்கு வணக்கஞ் செலுத்திவிட்டே அங்குக் குடியிருப்பது பண்பு என்று அவர்கள் அறிந்திருக்கின்றனர். குடியேற்றத்தின் இரகசியம் இதுதான். வீட்டை விலைக்கு வாங்கலாம்; ஊரை வாங்க முடியாது. ஊர்தான் நம்மை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மாசி மாதத்துப் புகை

நண்பரின் கடிதத்தின் கடைசி வரிகளை இதுவரை மறைத்து வைத்திருந்தேன். "எங்கள் வீட்டுக் கூரை போய்விட்டது, கிணற்றடியில் ஆலமரம் முளைத்திருக்கிறதென்று ஊருக்குப் போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். என் வீடு ஆளின்றிக் கிடக்க, வேறொருவர் விட்டுப்போன வீட்டை நான் வாங்குவது பொருந்துமா? இரவில் இதையே யோசித்துக் கொண்டிருக்கிறேன்" என்று எழுதியிருந்தார்.

இதற்கு மறுமொழி எழுதுவது எனக்கு எளிதாயிருக்கவில்லை. முடிவில் இவ்வாறு எழுதினேன்:

"பிறர் விட்ட வீட்டில் விளக்கேற்றுவது பாவமன்று, புண்ணியமே. ஆனால் ஆடியில் வந்து ஆவணியிற் பூட்டிவிட்டுப் போவோர் வாங்கிய ஊர், விற்காமற் கிடந்த ஊரைப் போலவே இருண்டு கிடக்கும். அங்கு குடிப்பதிவு செய்யும்போது, உண்மையில் வசிக்கிறீரா என்று பார்க்க நகரசபைக் காவலர் ஒருவர் கதவைத் தட்டுவார். சட்டம் கேட்கும் அக்கேள்வியை நீர் முன்கூட்டியே உம்மிடம் கேட்டுப் பாரும்.

"இப்பொழுது எதையும் வாங்க வேண்டாம். மாசி மாதத்தில், ஞாயிறல்லாத ஒரு நாளில், மூன்று ஊர்களுக்கும் போம். மாலை நான்கு மணிக்கு உயர்ந்த இடமொன்றில் நின்று, எத்தனை கூரைகளிற் புகை எழுகிறது என்று எண்ணும். அந்த எண்ணே ஊர். பின்பு அவ்வூரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஒரு மாரி முழுவதும் இரும்.

"என் எண்ணத்தையும் கேட்கிறீர். தொஸ்கானா வீடு தனிவீடு. உம் மனைவியார் சுகவீனமுற்றால் குரல் கேட்க ஆளில்லை. மொலிசே மலையூருக்கு வேண்டியவர் பிள்ளைகளோடு வரும் இளங் குடும்பத்தார். 2022 முதல் ஆண்டுக்கு 4 இலட்சம் பிள்ளைகள்கூடப் பிறவாத நாடு அது; நாமிருவரும் போய் அங்குள்ள முதியோர் கணக்கைத்தான் கூட்டுவோம். பூலியாவில் அந்தத் தோட்டத்து வீட்டையும் விட்டுவிடும். தோட்டத்துக்குச் சொந்தக்காரர் குடியிருக்கும் ஊருக்குள்ளே போம். அங்கு சனம் சேர்ந்து வாழ்கிறது. மாலையில் வாசலிற் கதிரை போட்டு இருப்பார்கள். செம்மண்ணும் கல்மதிலும் உமக்குப் பழக்கமானவை. நீர் ஒரு கதிரையைக் கொண்டுபோய் வாசலில் இரும். எத்தனை நாட்களுக்குப் பின் ஒருவர் வந்து பக்கத்திற் கதிரை போடுகிறார் என்று பாரும். அதன் பிறகு நொத்தாரிசிடம் போகலாம்.

"இன்னுமொன்று. எந்த வீட்டை வாங்கினாலும், அதனை விட்டுப் போனவர்கள் யாரென்று அயலிற் கேட்டு, அவர்கள் பெயரை எழுதி வைத்துக்கொள்ளும். என்றோ ஒருநாள் அவர்களின் பேரப்பிள்ளை ஒருவர் வந்து படலையில் நிற்கக்கூடும். அவருக்குக் கதவைத் திறந்து, வீட்டைச் சுற்றிக் காட்டும். உம் ஊரில் உமது பேரப்பிள்ளைக்கு ஒருவர் அவ்வாறு செய்யமாட்டாரா என்று நீர் ஏங்குவதை நான் அறிவேன்."

மறுமொழி இன்னும் வரவில்லை. மாசி பிறக்கட்டும் என்று நண்பர் காத்திருக்கின்றார் போலும்.